அத்தானுக்கு முதல் கட்டச் சோதனையில் இடம் இருக்கிறதாம்: சேரலாமா?

#1 காவிரிக்கரை

வணக்கம். இந்தப் பகுதியை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

அக்காவும் அத்தானும் டெக்சாஸில் இருக்கிறார்கள். அத்தானுக்கு அக்யூட் மைலாய்டு லுகேமியா (ஏஎம்எல்), வேகமாக முற்றும் ஒரு ரத்தப் புற்றுநோய். கீமோ, அப்புறம் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை எல்லாம் முடிந்து வேலைக்கே போக ஆரம்பித்துவிட்டார். இப்போது நோய் திரும்பிவிட்டது. மரபணுப் பரிசோதனையில் கேஎம்டி2ஏ என்ற மரபணு உடைந்து இடம் மாறியிருப்பதாகப் போட்டிருக்கிறது. மெனின் தடுப்பான் என்ற வகையில் ஒரு புது மாத்திரையின் முதல் கட்டச் சோதனை நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்கிறார் டாக்டர். மருந்துக்குப் பெயர்கூட இல்லை. சில எழுத்துகள், பிறகு ஒரு நம்பர். கன்சென்ட் ஃபார்ம் ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கிறது.

ஊரில் அத்தானின் அம்மா, "என் பிள்ளையை எலி ஆக்கிடாதீங்க" என்று அழுகிறார். அக்காவோ, புது மருந்து என்றால் பழையதைவிட நன்றாகத்தானே இருக்கும், உடனே கையெழுத்துப் போடலாம் என்கிறாள். இரண்டு பக்கமும் ஃபோனில் என்னைக் கேட்கிறார்கள். முதல் கட்டம் என்றால் உள்ளே என்னதான் நடக்கும்? அதில் குணமானவர்கள் உண்டா?

#2 மதுரைமல்லி

தம்பி, யோசிக்காமல் சேரச் சொல்லுங்கள். எனக்கு சிஎம்எல், அதாவது நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய். இமாட்டினிப் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். அந்த மாத்திரையும் ஒரு காலத்தில் எஸ்டிஐ571 என்ற நம்பராகத்தான் இருந்தது. 1998 ஜூனில் அமெரிக்காவில் பிரயன் டிரக்கர் என்ற டாக்டரும் இன்னும் சிலரும் முதல் கட்டச் சோதனை தொடங்கினார்கள். தினம் 25 மில்லிகிராமில் ஆரம்பித்து 1000 வரை ஏற்றிப் பார்த்தார்கள். 300-ம் அதற்கு மேலும் வாங்கிய 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுசாகச் சீராகிவிட்டது. 2001 மே மாதம் அனுமதியே கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த நோயாளிகள் எலி ஆக மாட்டோம் என்று சொல்லியிருந்தால் இன்று நான் இல்லை.

#3 குறிப்பேடு

மல்லி அக்கா சொன்ன எண்கள் சரி. ஆனால் அதைக் காவிரிக்கரையின் அத்தானுக்கு அப்படியே பொருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. முதல் கட்டச் சோதனைக்கு வருகிறவர்களோடு கன்சென்ட் ஃபார்மை வரி வரியாகப் படிப்பதும், அவர்களை ஈசிஜிக்கும் ரத்தம் எடுக்கவும் கூட்டிக்கொண்டு ஓடுவதும் என் பிழைப்பு.

முதலில் இமாட்டினிப். அந்த 54 பேரும் நாள்பட்ட நிலையில் இருந்தவர்கள். அதே சமயத்தில், அதே மருந்தை, நோய் முற்றி வெடிப்பு நிலைக்குப் போனவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மைலாய்டு என்ற செல் வகையில் 38 பேரில் 21 பேருக்குப் பலன் தெரிந்தது. லிம்பாய்டு என்ற செல் வகையிலும் அதே செல்லில் வரும் அக்யூட் லுகேமியாவிலும் 20-க்கு 14. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அந்த லிம்பாய்டு பிரிவில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் நோய் திரும்பியது. அதுவும் மாதக்கணக்கிலேயே. ஒரே மருந்து, ஒரே இலக்கு. ஆனால் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எத்தனை மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகிவிட்டது. மாற்று சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்த ஏஎம்எல் இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் பக்கம்.

இப்போது உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு வருகிறேன். முதல் கட்டச் சோதனை கேட்கும் முதல் கேள்வி "இந்த மருந்து குணப்படுத்துமா" இல்லை. "எவ்வளவு கொடுக்கலாம்" என்பதுதான். தெரியாத கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது மாதிரி. விலங்குகளில் பார்த்ததை வைத்து ஒரு சின்ன டோஸில் தொடங்குவார்கள். பழைய முறை, இன்றும் பல இடங்களில் இருப்பது, மூன்று மூன்று பேராக ஏற்றுவது. ஒரு டோஸில் மூன்று பேர். முதல் 28 நாளில் யாருக்கும் தாங்க முடியாத பக்கவிளைவு இல்லை என்றால் அடுத்த மூன்று பேருக்கு அடுத்த டோஸ். ஒருவருக்கு வந்தால் அதே டோஸில் இன்னும் மூன்று பேரைச் சேர்ப்பார்கள். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் நிறுத்திக்கொண்டு ஒரு படி இறங்குவார்கள். அந்தப் பக்கவிளைவுக்கு டிஎல்டி என்று பெயர், ஒவ்வொரு படிக்கும் கோஹார்ட் என்று பெயர். ஃபார்மில் இந்த இரண்டு சொல்லும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ரத்தப் புற்றுநோயில் இதில் ஒரு சிக்கல் கூடுதல். நுரையீரல் புற்றுநோய்க்காரருக்கு மருந்து கொடுத்த பின் வெள்ளை அணுக்கள் குறைந்தால் மருந்தின் வேலை என்று சொல்லிவிடலாம். லுகேமியாக்காரருக்கு நோயே அணுக்களைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறது. அதனால் ரத்த எண்ணிக்கை குறைவதை உடனே டிஎல்டி என்று எழுத மாட்டார்கள். எலும்பு மஜ்ஜையில் லுகேமியா இல்லாமல் இருந்தும் எண்ணிக்கை வாரக்கணக்கில் எழும்பாமல் கிடந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். வீட்டில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பதறுகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அக்காவிடம் நான் கேட்கச் சொல்வது முக்கியமாக ஒன்று: அத்தான் சேரப்போவது எத்தனையாவது கோஹார்ட்? முதல் படி என்றால் டோஸ் ஒரு வேலையும் செய்யாமல் போகலாம். மேல் படி என்றால் பலனுக்கும் வாய்ப்பு கூடும், ஆபத்துக்கும் கூடும். அதற்குக் கீழே இருந்த படிகளில் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆனது என்று டாக்டர் வாய்மொழியாகச் சொல்வார். ஸ்பான்சரோடு, அதாவது சோதனையை நடத்தும் மருந்து நிறுவனத்தோடு, அவர்கள் அடிக்கடி ஃபோனில் பேசுகிறார்கள், அந்தத் தகவல் அவர்களிடம் இருக்கும்.

அதோடு இன்னொரு கேள்வி. மெனின் வகையில் ரெவுமெனிப் என்ற மருந்துக்கு 2024 நவம்பரில், இதே கேஎம்டி2ஏ மாற்றம் உள்ள, திரும்பி வந்த லுகேமியாவுக்கு எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி கொடுத்தாயிற்று. அனுமதி பெற்ற மாத்திரை கடையில் இருக்கும்போது பெயரில்லாத மாத்திரை எதற்கு? நல்ல காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை டாக்டர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

#4 சந்தேகப்பிராணி

குறிப்பேடு நாகரிகமாகச் சொல்கிறார், நான் கொஞ்சம் பச்சையாகச் சொல்கிறேன். 28 நாள் பார்த்துவிட்டு டோஸ் முடிவு செய்கிறார்களே, 29-ஆம் நாள் வருவதை யார் பார்ப்பது?

பொனாட்டினிப் கதை தெரியுமா? இமாட்டினிப்பும் அதற்குப் பிறகு வந்தவையும் டி315ஐ என்ற மாற்றத்திடம் தோற்றுப்போன சிஎம்எல்காரர்களுக்காக வந்த மருந்து. முதல் கட்டத்தில் அந்த மாற்றத்தோடு நாள்பட்ட நிலையில் இருந்த 12 பேருக்கும் ரத்த எண்ணிக்கை சீரானது. 60 மில்லிகிராமில் கணையம் வீங்கியது, அதனால் 45 என்று முடிவு செய்தார்கள். 2012 டிசம்பரில் விரைவு அனுமதி. ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்குழாய் அடைப்பு என்று வரிசையாக வந்ததும் 2013 அக்டோபர் கடைசியில் விற்பனையையே நிறுத்தினார்கள். டிசம்பரில் கட்டுப்பாடுகளோடு திரும்ப விட்டார்கள். பிறகு செய்த ஆய்வில் என்ன தெரிந்தது? 45-ல் தொடங்கினாலும் நோய் அடங்கியதும் 15-க்கு இறக்கிவிடலாம், பலருக்கு அதுவே போதும். 2020 டிசம்பரில் அதை மருந்தோடு வரும் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே சேர்த்தார்கள். ஆக, எட்டு வருடம் மக்கள் தேவைக்கு மேல் விழுங்கியிருக்கிறார்கள்.

ரத்தக்குழாய் அடைப்பு முதல் மாதத்தில் தெரியாது, சார். அது மெதுவாக வரும். மூன்று மூன்று பேர் வைத்து 28 நாள் பார்க்கும் எந்த முறையும் அதைப் பிடிக்காது.

#5 குறிப்பேடு

சந்தேகப்பிராணி எழுதியது: "28 நாள் பார்த்துவிட்டு டோஸ் முடிவு செய்கிறார்களே"

இதில் உங்களோடு சண்டை போட எனக்கு எதுவும் இல்லை. கீமோ காலத்தில் அதிக டோஸ் என்றால் அதிகப் பலன் என்று ஒரு கணக்கு இருந்தது, அதனால் தாங்கக்கூடிய உச்சத்தைத் தேடினார்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பூட்டும் மாத்திரையில் அந்தக் கணக்கு உடைகிறது. புரதம் முழுசாக அடைபட்ட பிறகு மேலே கொடுப்பதெல்லாம் பக்கவிளைவுக்குத்தான் போகும். இமாட்டினிப்பில் 1000 வரை போயும் உச்சவரம்பு என்று ஒன்று தட்டுப்படவில்லை. வழக்கமான டோஸாக 400-ஐ வைத்தார்கள்.

எஃப்டிஏ 2021-ல் ப்ராஜெக்ட் ஆப்டிமஸ் என்று ஒன்றைத் தொடங்கியதே இந்த வம்பினால்தான். இப்போது பல சோதனைகளில் டோஸ் ஏற்றி முடித்ததும், வேலை செய்யும் இரண்டு டோஸ்களை எடுத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடச் சொல்கிறார்கள். ஸிஃப்டோமெனிப் என்ற இன்னொரு மெனின் மருந்தில் 200-ஐயும் 600-ஐயும் அப்படித்தான் பார்த்தார்கள், 600-ஐ எடுத்துக்கொண்டார்கள். எல்லா நேரமும் சின்ன டோஸ்தான் ஜெயிக்கும் என்றும் இல்லை.

ஆனால் ஒன்று. காவிரிக்கரையின் அத்தானுக்கு இன்றைய கணக்கு மெதுவாக வரும் ரத்தக்குழாய் அடைப்பு இல்லை. அடுத்த இரண்டு மூன்று மாதம். சிஎம்எல்காரர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடப்போகிறவர், அவருக்கு உங்கள் வாதம் முழுசாகப் பொருந்தும். திரும்பி வந்த ஏஎம்எல்லில் முதல் கேள்வி, ப்ளாஸ்ட் என்ற முதிராத லுகேமியா செல்களை அடக்கி அவரை அடுத்த சிகிச்சைக்குக் கொண்டுபோக முடியுமா என்பது.

#6 தென்முனை

மெல்பர்னிலிருந்து. எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

வெனிட்டோகிளாக்ஸ். இங்கே வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிலையத்தில் 1988-ல் டேவிட் வோக்ஸும் கூட இருந்தவர்களும், பிசிஎல்2 என்ற புரதம் செல்களைச் சாகவிடாமல் தடுக்கிறது என்று காட்டினார்கள். அந்தப் புரதத்தை அடைக்கும் மாத்திரை மனிதர்களிடம் வர கால் நூற்றாண்டு ஆனது. முதலில் சிஎல்எல் என்ற லிம்போசைட் வகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட மூன்று பேருக்கு ஒரே ஒரு டோஸ் கொடுத்ததும் 24 மணி நேரத்துக்குள் கட்டி உடைய ஆரம்பித்துவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்பது அங்கே பிரச்சினையே இல்லை. அளவுக்கு மீறி வேகமாக வேலை செய்தது. கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் செத்து உடையும்போது பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் திணறும், இதயத் துடிப்பு தப்பும். டியூமர் லைசிஸ் என்பார்கள்.

டோஸ் ஏற்றிப் பார்த்த 56 பேரில் 3 பேருக்கு இது உடம்பைத் தாக்கும் அளவுக்கு வந்தது, ஒருவர் இறந்துபோனார். சோதனையை நிறுத்தி வைத்து முறையை மாற்றினார்கள். வாரத்துக்கு ஒரு படியாக 20, 50, 100, 200, 400. கூடவே நிறையத் தண்ணீர், யூரிக் அமிலத்துக்கு மாத்திரை, மணிக்கணக்கு வைத்து ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகு சேர்ந்த 60 பேரில் ஒருவருக்குக்கூட அந்த அளவில் வரவில்லை. மொத்தம் 116 பேரில் 79 சதவீதம் பேருக்குப் பலன். 2016 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. இன்று எந்த ஊர் ஆஸ்பத்திரியில் சிஎல்எல்லுக்கு இதைத் தொடங்கினாலும் அதே ஐந்து வாரப் படிக்கட்டுதான். அத்தானும் ஏஎம்எல்லுக்கு இதை ஏற்கனவே சாப்பிட்டிருக்க வாய்ப்புண்டு, பழைய சீட்டைப் பாருங்கள்.

அந்த இறந்தவரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சந்தேகப்பிராணி கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படிக்கட்டை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

#7 மூலிகைத்தோட்டம்

இவ்வளவு விஷம் உடம்புக்குள் போகும்போது எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா? பப்பாளி இலைச் சாறு ரத்தத் தட்டணுக்களை ஏற்றும் என்கிறார்கள். கருஞ்சீரகம், நிலவேம்பு கஷாயம் கூடவே கொடுங்கள். ஆங்கில மருந்தோடு மோதாது. எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் இப்படித்தான் தேறினார்.

#8 நெறியாளர்

மூலிகைத்தோட்டம், "மோதாது" என்று உறுதியாக எழுத வேண்டாம். அந்தப் பதிவை நீக்கவில்லை, கீழே பதில் வரட்டும் என்று விட்டிருக்கிறேன்.

#9 குறிப்பேடு

பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் வருகிறது. இந்த மாத்திரைகளில் பலவற்றைக் கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதி உடைக்கிறது. அந்த நொதியை அடக்கும் பொருள் கூடப் போனால் 100 மில்லிகிராம் சாப்பிட்டவர் உடம்பில் 200 சாப்பிட்ட அளவு நிற்கலாம். கிரேப்ஃப்ரூட்டும் பம்ப்ளிமாசும்கூடக் கூடாது என்று சோதனை விதியிலேயே எழுதியிருப்பார்கள். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் போசகோனசோல், வோரிகோனசோல் இரண்டும் இந்த நொதியைப் பலமாக அடக்குபவை, லுகேமியாக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அவற்றில் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டுதான் வருவார்கள். அதனால்தான் ரெவுமெனிப்பின் முதல் கட்டத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். அந்த மருந்துகள் சாப்பிடாதவர்களுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 226 அல்லது 276 மில்லிகிராம், சாப்பிடுகிறவர்களுக்கு 113 அல்லது 163. ஏறக்குறைய பாதி.

டாக்டர்கள் அளந்து வைத்திருக்கும் மருந்திலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், அளவே தெரியாத கஷாயத்தை என்ன கணக்கில் சேர்ப்பது? ஊரிலிருந்து என்ன பொடி, என்ன சூரணம் போயிருந்தாலும் பையோடு எடுத்துக்கொண்டுபோய் ஆய்வு நர்ஸிடம் காட்டச் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள். மறைத்தால்தான் வம்பு.

#10 காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவோடு ஃபார்மைப் பிரித்து உட்கார்ந்தேன். டாக்டரிடமும் அவள் பேசிவிட்டாள்.

நான்காவது கோஹார்ட். கீழே உள்ள மூன்று படிகளிலும் டிஎல்டி இல்லை. மூன்றாவது படியில் ஒருவருக்கு ப்ளாஸ்ட் குறைந்திருக்கிறது. அனுமதி பெற்ற மருந்து ஏன் வேண்டாம் என்றதற்கு, அத்தானின் ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி (அதிகம் நீண்டால் இதயத் துடிப்பு தப்பலாமாம்) ஏற்கனவே எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ரெவுமெனிப் அதை இன்னும் நீட்டும், இந்தப் புது மருந்து அந்தத் தொல்லையைக் குறைக்க வடிவமைத்தது என்றாராம். மெனின் புரதத்தில் மாற்றம் வந்து மருந்து ஒட்டாமல் வழுக்கிவிடும் பிரச்சினைக்கும் இது தாங்கும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்களாம்.

ஒரு பக்கம் எனக்குப் புரியவில்லை. "டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம், உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அடுத்த வரியிலேயே மருந்து வேலை செய்யும்போது இது வரலாம் என்கிறது. வேலை செய்தால் ஆபத்தா?

#11 குறிப்பேடு

ஆமாம், வேலை செய்தால்தான் அந்த ஆபத்தே. கேஎம்டி2ஏ மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது உடைந்து வேறொரு மரபணுவோடு ஒட்டும்போது உண்டாகும் புரதம், மெனின் என்ற இன்னொரு புரதத்தைப் பற்றிக்கொண்டு ஹாக்ஸ்ஏ9, மெய்ஸ்1 போன்ற மரபணுக்களை அணையவிடாமல் வைக்கிறது. அதனால் ரத்தச் செல்கள் முதிராமல் பிஞ்சிலேயே நின்று பெருகுகின்றன. மாத்திரை மெனினில் போய் உட்கார்ந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும், செல்கள் முதிர ஆரம்பிக்கும். கீமோ மாதிரி உடனே கொல்வதில்லை.

முதிரும் செல்கள் ஒரே கூட்டமாக ரத்தத்துக்கு வரும்போது சிலருக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குதல், உடம்பில் நீர் கோத்து எடை ஏறுதல், நுரையீரலில் நீர் எல்லாம் வரும். வெள்ளை அணு எண்ணிக்கையும் மளமளவென்று ஏறும். பார்க்கிறவர்களுக்கு நோய் முற்றுகிறது என்றோ நிமோனியா என்றோ தோன்றும். சந்தேகம் வந்த உடனே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கிவிட வேண்டும், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. நான் முன்பு சொன்ன ஸிஃப்டோமெனிப் சோதனையிலேயே 2021 நவம்பரில் இப்படி ஒரு மரணத்தையொட்டி, புதியவர்களைச் சேர்ப்பதை எஃப்டிஏ நிறுத்தி வைத்தது. இதைக் கண்காணிக்கும் முறையைச் சரிசெய்த பிறகு 2022 ஜனவரியில் தொடர விட்டார்கள்.

அக்கா செய்ய வேண்டியது: தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வைப்பது. காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் நேரம் பார்க்காமல் ஃபார்மில் இருக்கும் 24 மணி நேர எண்ணுக்கு அழைப்பது. பக்கத்தில் இருக்கும் வேறு அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், சோதனை மருந்து எடுக்கிறார், இந்தச் சிக்கல் வரலாம் என்று எழுதிய அட்டையைக் காட்டுவது. அட்டை தருவார்கள், பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும்.

டாக்டர் சொன்ன காரணம் உருப்படியானது. ரெவுமெனிப்பின் முதல் கட்டத்தில் டோஸைக் கட்டுப்படுத்திய ஒரே சிக்கல் இந்த க்யூடி நீட்சிதான். மெனினில் மாற்றம் வந்து மருந்து வழுக்குவதும் உண்மை. சிகிச்சை நீண்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு அதைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம், குணமானவர்கள் உண்டா என்று முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள், நான் நேராகப் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். ரெவுமெனிப்பின் முதல் கட்டத்தில் பலன் அளந்து பார்த்த 60 பேரில் 32 பேருக்கு ஏதோ ஓர் அளவில் பலன் இருந்தது. முழு நிவாரணம் என்று சொல்லத்தக்கது 18 பேருக்கு, அதாவது 30 சதவீதம். அந்த 32-ல் 12 பேர் மாற்று சிகிச்சைக்குப் போனார்கள். பிறகு அனுமதிக்காக இன்னும் அதிகமானவர்களை, 104 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தபோது முழு நிவாரணம் 21 சதவீதம், அது நீடித்தது நடு மதிப்பாக 6.4 மாதம். முதல் கட்டத்தில் பளிச்சென்று தெரியும் எண் பின்னால் இறங்குவது சகஜம். ஆறு மாதம் என்பதைக் கேட்டு அக்கா உடைந்துபோக வேண்டாம். அந்த இடைவெளியில் இரண்டாவது மாற்று சிகிச்சையோ, கொடையாளரின் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களைச் செலுத்துவதோ முடியுமா என்பதுதான் திட்டமாக இருக்கும். பலன் தெரிந்தால் அடுத்து என்ன, கொடையாளர் தயாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு தேடக் கூடாது.

#12 சந்தேகப்பிராணி

இந்த எண்களை முதலிலேயே போட்டிருந்தால் நான் அவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஐந்தில் ஒருவர் என்பது சின்ன எண்தான். எல்லா வழியும் அடைபட்ட இடத்தில் அது சின்ன எண் இல்லை என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஆனாலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் காவிரிக்கரை. இந்தச் சோதனையில் சேர்ந்து பலிக்காவிட்டால் வேறு எந்தச் சோதனைக் கதவு அடைபடும்? ஏற்கனவே மெனின் மருந்து எடுத்தவர்களை எடுக்க மாட்டோம் என்று எழுதியிருக்கும் சோதனைகள் உண்டு. வரிசை முக்கியம். இன்னொன்று, நடுவில் டோஸைக் குறைக்க ஃபார்மில் வழி இருக்கிறதா, இல்லை நிறுத்துவது மட்டும்தானா என்று பாருங்கள்.

#13 மதுரைமல்லி

தம்பி, நான் முதலில் எழுதியது என் சந்தோஷத்தில் எழுதியது, அத்தானின் நோய் வேறு என்று குறிப்பேடு சொன்னது சரி. அத்தானின் அம்மாவிடம் மட்டும் நான் பேச முடியுமா? நோயாளி பேசினால் அவர்கள் கேட்பார்கள். எலி என்பவர்களிடம் நான் சொல்வது, எந்த எலிக்கும் எந்த நேரமும் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போகும் உரிமை கிடையாது. அத்தானுக்கு உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து ஜெயித்தால் அது நம்மவர்களுக்கு எப்போது வரும் என்பது தனிக் கதை. இமாட்டினிப் வழக்கு தொடங்கியதே நம்ம சென்னையில்தான். நோவார்ட்டிஸ் நிறுவனம் இங்கே காப்புரிமை கேட்டது, 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குப் பலன் கூடாவிட்டால் காப்புரிமை இல்லை என்கிற சட்டப் பிரிவு 3(டி) செல்லாது என்று அவர்கள் போட்ட வழக்கை 2007-ல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அசல் மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல், நம்ம ஊர் நிறுவனங்கள் செய்தது பத்தாயிரத்துக்குள். பலருக்கு அந்த நிறுவனமே இலவசமாகவும் கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்னைப் போன்றவர்களை வருடக்கணக்கில் ஓட்டியது அந்தப் பத்தாயிரத்துக்குள் விலைதான்.

#14 தென்முனை

மல்லி அக்கா, அந்த வழக்கைப் பற்றித் தனி இழை போடுங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன்.

#15 காவிரிக்கரை

அக்கா, நம்பரைத் தனி மடலில் அனுப்புகிறேன். அத்தை நிச்சயம் கேட்பார்.

அத்தான் சேர முடிவு செய்துவிட்டார். இதுவரை வாயே திறக்காதவர், நேற்று ஃபார்மை வாங்கி அவரே முழுசாகப் படித்துவிட்டு, "நான்காவது படி என்றால் எனக்குச் சரி" என்றாராம். சந்தேகப்பிராணி கேட்கச் சொன்னதையும் கேட்டாள். டோஸ் குறைக்க வழி இருக்கிறது, ஒரு படி இறக்கலாம். வரிசை பற்றி, க்யூடி காரணத்தால் இதுதான் முதலில் என்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. முதல் நாளும் எட்டாம் நாளும் "பி.கே. நாள்" என்று போட்டிருக்கிறது, காலையிலிருந்து மாலை வரை இருக்க வேண்டுமாம். அக்கா லீவு சொல்ல வேண்டும். அதோடு செலவு யாருடையது? மருந்து இலவசம் என்கிறார்கள். ஆனால் மேரோ (எலும்பு மஜ்ஜை) டெஸ்ட், ஈசிஜி, ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவு எல்லாம் பயமுறுத்துகிறது.

#16 குறிப்பேடு

பி.கே. நாளில் மாத்திரை விழுங்கும் முன் ஒரு முறை, பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று இடைவெளி விட்டு ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். மருந்து எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க. நாளே போய்விடும். மாற்று சிகிச்சைக்கு நரம்பில் போட்ட லைன் (குழாய்) இன்னும் இருந்தால் ஒவ்வொரு முறையும் குத்த வேண்டாம், கேளுங்கள். அன்று காலை வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு வரக் கூடாது, அங்கே வந்துதான் போட வேண்டும். நிறையப் பேர் பழக்க தோஷத்தில் போட்டுவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு வரலாமா, வெறும் வயிறா என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு: அமெரிக்காவில் சோதனைக்காக மட்டும் செய்வதைப் பொதுவாக ஸ்பான்சர் ஏற்கும், எப்படியும் செய்திருக்கக்கூடிய வழக்கமான சிகிச்சை இன்ஷூரன்ஸுக்குப் போகும். உயிருக்கு ஆபத்தான நோய்க்கான அங்கீகரிக்கப்பட்ட சோதனைகளில் அந்த வழக்கமான செலவை மறுக்கக் கூடாது என்று 2014-லிருந்து பெரும்பாலான தனியார் இன்ஷூரன்ஸுக்குச் சட்டம் இருக்கிறது. சிக்கல் எங்கே வருமென்றால், 28-ஆம் நாள் மேரோ சோதனைக்காகவா வழக்கமானதா என்பது போன்ற இடங்களில். கையெழுத்துக்கு முன் ஆய்வுப் பிரிவின் நிதி ஆலோசகரைக் கேட்டு, எது யார் கணக்கு என்ற பட்டியலைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்குக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். பக்கவிளைவால் படுக்க நேர்ந்தால் யார் கட்டுவது என்பது ஃபார்மில் காயம், இழப்பீடு என்ற தலைப்பில் இருக்கும். அந்தப் பக்கத்தை அனுப்பினால் நானும் படித்துப் பார்க்கிறேன், அத்தானின் பெயரை மறைத்துவிட்டு அனுப்புங்கள். பயணம், தங்கும் செலவுக்குச் சில ஸ்பான்சர்கள் பணம் தருகிறார்கள். கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை.